ரத்தம் குறைவு, இரும்பு மிகுதி: தலசீமியாவில் வயிறும் சாப்பாடும்

கேள்வியின் சுருக்கம்: பீட்டா தலசீமியா இன்டர்மீடியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தநோயின் நடுத்தர வகை) உள்ள 26 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். ஹீமோகுளோபின் 7.5-க்கும் 8-க்கும் இடையில் நிற்கிறது. ரத்தம் ஏற்றுவது எப்போதாவதுதான். ஆனாலும் உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,400 வந்திருக்கிறது. அந்த இரும்பை வெளியேற்ற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் டெஃபராசிராக்ஸ் மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து வயிற்று உப்புசம், குமட்டல், லூஸ் மோஷன். வீட்டில் அம்மா முருங்கைக்கீரை சூப், பேரீச்சம்பழம், வாரம் ஒருமுறை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார். குடல் நலமாக இருக்க என்ன சாப்பிடலாம், புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று விற்பது) வாங்கலாமா என்பது கேள்வி.

முதலில் சுவரொட்டியை நிறுத்துங்கள், இன்றைக்கே. மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

அம்மாவைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. பிள்ளை வெளிறிப்போய் இருந்தால் ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக் கொடுப்பதும், ஈரலை மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பதும், முருங்கைக்கீரையை உருவி சூப் வைப்பதும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பக்குவம். இரும்புச்சத்து குறைந்து வரும் ரத்தசோகைக்கு அது சரியான சாப்பாடும்கூட. தலசீமியா அந்த வகை இல்லை, அவ்வளவுதான். உங்கள் உடம்பில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஹீமோகுளோபினைக் கட்டத் தேவையான இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளில் பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாவதில்லை. ஜோடி கிடைக்காமல் மிஞ்சும் ஆல்பா சங்கிலிகள் சிவப்பணுவுக்குள்ளேயே படிந்து, எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரும் முன்பே பல அணுக்களைச் சிதைத்துவிடுகின்றன. எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் இந்தக் குறை தீராது. கொடுத்த இரும்பு கல்லீரலிலும் கணையத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் போய்த் தங்கும்.

"ரத்தமே அதிகம் ஏற்றுவதில்லையே, ஃபெரிட்டின் எப்படி ஏறுகிறது?" இன்டர்மீடியா உள்ளவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் குடலில்தான் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் குடலைப் பற்றிக் கேட்டதும் நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுகுடலின் முதல் பகுதியில் இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலுக்கு அதுதான் பூட்டு. உடம்பில் இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், வாசல் மூடும். தலசீமியாவில் மஜ்ஜை ஓயாமல் அணுக்களைச் செய்து செய்து இழந்துகொண்டிருக்கிறது. அங்கிருந்து எரித்ரோஃபெரோன் என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போய், "இரும்பு வேண்டும், பூட்டைத் திற" என்கிறது. எரித்ரோஃபெரோனை அடையாளம் கண்டதே 2014-இல்தான். உடம்பில் இரும்பு வழிந்துகொண்டிருந்தாலும் மஜ்ஜையின் குரல்தான் எடுபடுகிறது. ஹெப்சிடின் குறைகிறது, குடல் திறந்தே கிடக்கிறது.

ஆரோக்கியமான ஒருவர் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை எடுத்துக்கொள்வார். குடல் செல்கள் உதிர்வது, வியர்வை, மாதவிடாய் என்று அதே அளவு வெளியே போய்விடும். அதற்கு மேல் சேரும் இரும்பை வெளியேற்ற மனித உடம்பில் வழியே கிடையாது. இன்டர்மீடியாவில் குடல் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். வருடத்துக்கு ஒரு கிராம் வரைகூடச் சேரலாம். ஒரு யூனிட் ரத்தத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அப்படியென்றால் ஒரு பாட்டில்கூட ஏற்றாமலே, வருடத்தில் ஐந்து யூனிட் ஏற்றியதற்குச் சமமான இரும்பு உங்கள் வாய் வழியாகவே உள்ளே போயிருக்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் ரத்தம் ஏற்றும் தலசீமியா மேஜர் (கடுமையான வகை) நோயாளியின் 1,400-ம் உங்கள் 1,400-ம் ஒன்றல்ல. அதே ஃபெரிட்டின் அளவில் இன்டர்மீடியா உள்ளவரின் கல்லீரலில் இரும்பு கூடுதலாக இருக்கும். அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு 800-ஐத் தாண்டினாலே மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். கல்லீரலுக்கு எம்ஆர்ஐ எடுத்து இரும்பின் அளவைப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் தற்காலிகமாக ஏறும். அந்த நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ரத்தநோய்ப் பிரிவில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

சாப்பாட்டில் இரும்பு இரண்டு வகை. இறைச்சியிலும் ரத்தத்திலும் இருப்பது ஹீம் இரும்பு. அதில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குடல் அப்படியே எடுத்துக்கொள்ளும், கூட என்ன சாப்பிட்டாலும் பெரிதாகத் தடுக்க முடியாது. கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பது ஹீம் அல்லாத இரும்பு. அதில் மிகச் சிறு பங்குதான் உள்ளே போகும். அதையும் டீ, மோர், தானியத் தவிடு எல்லாம் குறைக்கும், எலுமிச்சை கூட்டும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எப்போதாவது ஒருநாள் போதும். கோழியின் நெஞ்சுக்கறி, மீன், முட்டை, பால் பொருட்கள் உங்களுக்கு நல்ல புரதம். புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். இரும்புக்குப் பயந்து சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு, தசை கரைந்து வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

கீரையைப் பற்றி நான் கொஞ்சம் தாராளமாகவே இருப்பேன். உங்கள் மஜ்ஜை இரவு பகலாக அணுக்களைச் செய்கிறது, அதற்கு ஃபோலேட் நிறைய வேண்டும். ஃபோலேட் கீரையிலும் பயறிலும் நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரையைத் தினமும் சூப் வைத்துக் குடிப்பதை விடுங்கள். எலுமிச்சை பிழியாமல், பொரியலாக, மோர்ச்சோற்றோடு வாரம் இரண்டு மூன்று முறை சாப்பிடுங்கள். முருங்கையிலைப் பொடி, மாத்திரை வடிவில் விற்பவை வேண்டாம். ஒரு கைப்பிடி இலையும் அரைக் கிலோ இலையைக் காயவைத்துச் செறித்த பொடியும் ஒன்றாகாது.

பீட்ரூட்டையும் மாதுளையையும் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். உங்களுக்கு அவற்றால் கெடுதலும் இல்லை, ஹீமோகுளோபினும் ஏறாது. பிடித்தால் சாப்பிடுங்கள். பேரீச்சம்பழம் ஒன்றிரண்டு பரவாயில்லை. தினமும் கைப்பிடி வேண்டாம். அதில் சர்க்கரை அதிகம், உங்கள் கணையத்தை நாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பேரீச்சை சிரப், டானிக் என்று வருபவற்றில் தனியாக இரும்பு சேர்த்திருக்கிறார்களா என்று லேபிளைப் படியுங்கள்.

கோதுமைப்புல் சாற்றையும் யாராவது சொல்லியிருப்பார்கள். சண்டிகரில் 2004-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, சிலருக்கு ரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததாகச் சொன்னது. பிறகு வேறு இடத்தில் செய்து பார்த்தபோது அது உறுதியாகவில்லை. அதற்குச் செலவழிக்கும் காசுக்கு மீன் வாங்கலாம்.

அப்புறம் டீ. எல்லா நோயாளிகளிடமும் "சாப்பாட்டோடு டீ குடிக்காதே, இரும்பு சேராது" என்பார்கள். உங்களுக்கு அதே காரணத்துக்காக டீ நல்லது. 1979-லேயே தலசீமியா இன்டர்மீடியா உள்ளவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சுவது ஆளுக்கு ஆள் 41 முதல் 95 சதவீதம் வரை குறைந்தது. மதியச் சாப்பாட்டோடு அல்லது முடித்தவுடன் ஒரு டம்ளர் டிகாக்‌ஷன் திடமான டீ, சர்க்கரை இல்லாமலோ மிகக் குறைவாகவோ குடியுங்கள். பால் சேர்த்தாலும் சரி, பாலின் கால்சியமும் இரும்பைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். டீ ஒத்துக்கொள்ளாமல் நெஞ்செரிச்சல் வந்தால் கட்டாயம் இல்லை, சாப்பாட்டின் முடிவில் மோரோ தயிரோ இருந்தால் அதுவும் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். டீயை நம்பி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். டீ புதிதாக வரும் இரும்பைத்தான் குறைக்கும். ஏற்கெனவே கல்லீரலில் உட்கார்ந்திருப்பதை எடுக்க மாத்திரையால்தான் முடியும்.

வைட்டமின் சி பழங்களை ஒதுக்க வேண்டாம். இரும்பு மிகுந்த உடம்பில் வைட்டமின் சி சீக்கிரம் தீர்ந்துபோகும். கொய்யா, நெல்லிக்காய், ஆரஞ்சு எதுவானாலும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மருந்துக் கடையில் சப்புகிற மாத்திரையாகக் கிடைக்கும் 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. அது குடலில் இரும்பை இழுப்பதோடு நிற்காது. தேங்கிக் கிடக்கும் இரும்பையும் கிளப்பிவிட்டு இதயத்துக்குத் தொந்தரவு தரலாம்.

சமைக்கும் பாத்திரத்தை யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பு இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு எல்லாம் அப்படித்தான். குழம்பின் நிறம் கறுத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு மண்சட்டியோ எவர்சில்வரோ போதும். இரும்புத் தோசைக்கல் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, ஒரு நிமிடம் படும் மாவில் அந்த அளவுக்கு இறங்காது.

செறிவூட்டிய உணவுகளை, அதாவது தனியாகச் சத்து சேர்த்தவற்றை, கவனியுங்கள். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு சேர்க்க விதி இருக்கிறது. நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் கூடுதலாக 8 முதல் 13 மில்லிகிராம். இந்த வகை உணவுகளைத் தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகளில் பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை போடச் சொல்லியிருந்தார்கள். சேர்க்கும் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும் வகை இல்லை என்பது உண்மைதான். மாதாமாதம் ரத்தம் ஏற்றும் ஒருவருக்கு இது பெரிய கணக்கும் இல்லை. குடல் திறந்து கிடக்கும் உங்களுக்கு, வேறு அரிசி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள் என்பேன். ரேஷனில் வருவது செறிவூட்டிய அரிசி, அதை நம்பித்தான் குடும்பம் நடக்கிறது என்றால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, டீயும் மோரும் சேர்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். இரும்பும் அயோடினும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்புக்குப் பதிலாக அயோடின் மட்டும் உள்ள உப்பு போதும், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மால்ட் பானங்கள் பலவற்றில் இரும்பும் வைட்டமின் சி-யும் ஒன்றாகவே இருக்கும். தவிர்த்துவிடலாம்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மட்டுமா, இரும்பும் சேர்ந்ததா? கடையில் "ரத்த மாத்திரை" என்று கேட்டால் இரண்டும் சேர்ந்ததைத்தான் எடுத்துத் தருவார்கள். உங்கள் வீட்டில் தலசீமியா உள்ள பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், வாரம் ஒருநாள் பள்ளியில் கொடுக்கும் நீல நிற மாத்திரை அவர்களுக்கு வேண்டாம் என்று ஆசிரியரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மேஜர் உள்ளவர்களின் பெற்றோர் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் என்றால் 400 மில்லிகிராம் இரும்பு நேராக ரத்தத்தில் போகிறது. ஒழுங்காக ரத்தம் ஏற்றினால் மஜ்ஜையும் அடங்கி, குடல் இழுப்பதும் குறையும். அப்படிப்பட்ட பிள்ளையின் தட்டில் இருக்கும் கீரையை எண்ணிப் பிடுங்குவதில் அர்த்தம் இல்லை. ஈரலும் இரும்பு டானிக்கும் வேண்டாம், மற்றபடி பிள்ளை விரும்பியதைச் சாப்பிடட்டும். உங்கள் கவனம் முழுக்க மாத்திரை விட்டுப்போகாமல் பார்ப்பதில் இருக்கட்டும்.

இப்போது உங்கள் உப்புசத்துக்கும் லூஸ் மோஷனுக்கும் வருகிறேன். மாத்திரை தொடங்கியதிலிருந்து என்கிறீர்கள், எனக்கும் அதன் மேல்தான் சந்தேகம். டெஃபராசிராக்ஸ் பலருக்கு முதல் சில வாரங்கள் குமட்டல், வயிற்றுவலி, லூஸ் மோஷன் தரும். பெரும்பாலும் தானாகத் தணியும். கரைத்துக் குடிக்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, சேர்த்திருப்பார்கள். உங்களுக்குப் பால் குடித்தாலே வயிறு பொருமும் என்றால் மாத்திரையில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டு வாரம் பாலை நிறுத்தி, தயிரும் மோரும் மட்டும் எடுங்கள். தயிரில் லாக்டோஸின் ஒரு பங்கைப் பாக்டீரியாவே தின்றுவிடும். உப்புசம் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். முழுங்கும் ஃபிலிம் கோட்டட் டெஃபராசிராக்ஸ் இருக்கிறது, அதில் லாக்டோஸ் இல்லை, வயிற்றுக்கும் பலருக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அதன் மில்லிகிராம் கணக்கு வேறு. கரைக்கும் மாத்திரையைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைந்த அளவே போதும். 400-க்குப் பதில் 400 என்று கடையில் நீங்களாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஒருமுறை ஒரு பெண்ணை எங்கள் எதிரிலேயே மாத்திரையைக் கரைத்துக் குடிக்கச் சொன்னோம். குடித்து முடித்து வைத்த டம்ளரின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படலம் அப்படியே ஒட்டியிருந்தது. மருந்தில் ஒரு பங்கு தினமும் பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போயிருக்கிறது. முக்கால் டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, கட்டி இல்லாமல் கலங்கலாக வரும்வரை கலக்குங்கள். குடித்தபின் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடியுங்கள். பாலில் வேண்டாம், சோடாவிலும் வேண்டாம். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில். காலையில் குமட்டி வேலைக்குப் போக முடியவில்லை என்றால், மாலைக்கு மாற்றலாமா, இரண்டு வேளையாகப் பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஃபிலிம் கோட்டட் வகைக்கு மாறினால் கொழுப்பு குறைந்த சிற்றுண்டியோடு எடுக்கலாம். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார் என்றால் சரி. பூரி மசாலாவும் நெய் ரோஸ்ட்டும் அந்த வேளைக்கு வேண்டாம், கொழுப்பு அதிகமானால் மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு மாறும்.

லூஸ் மோஷனை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், டெஃபராசிராக்ஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உடம்பில் நீர் வற்றினால் அந்த ஆபத்து கூடும். நாளுக்கு நாலைந்து முறைக்கு மேல் போனாலோ, வாந்தியும் சேர்ந்து தண்ணீர் தங்கவில்லை என்றாலோ, அன்றே டாக்டரைக் கூப்பிட்டு மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். ஓஆர்எஸ் கரைசல், அரிசிக் கஞ்சியில் உப்பு, நீர்மோர், இளநீர் எல்லாம் எடுங்கள். வயிறு இளகியிருக்கும் நாட்களில் சிறுதானியம், பச்சைக் காய்கறி, கொண்டைக்கடலை, பச்சை வெங்காயம் ஆகியவற்றை ஒதுக்கி, குழைந்த சோறு, இட்லி, வாழைப்பழம், வேகவைத்த கேரட் என்று இறங்குங்கள்.

வயிறு எரிந்தால் கையில் கிடைத்த ஆன்டாசிட்டைக் குடிக்காதீர்கள். பாட்டிலில் வரும் திரவங்கள் பலவற்றில் அலுமினியம் இருக்கும். அது இந்த மருந்தோடு சேரக் கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம், டெஃபராசிராக்ஸோடு சேர்ந்தால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வர வாய்ப்பு கூடும். மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கேஸுக்கு என்று எல்லோரும் காலையில் போடும் பான்டோபிரசோல் மாத்திரை, வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு உறிஞ்சுவதையும் கொஞ்சம் குறைக்கும்தான். அதற்காக மாதக்கணக்கில் நீங்களாகப் போட வேண்டாம். வயிற்று அமிலம் கிருமிகளுக்கு எதிரான முதல் தடுப்பு. உங்களுக்கு அது தேவை.

இரும்பை எடுக்கும் இன்னொரு மாத்திரையான டெஃபரிப்ரோன் எடுப்பவர்களுக்கும் குமட்டல் வரும், சாப்பாட்டோடு எடுத்தால் தணியும். துத்தநாக மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். டெஃபரிப்ரோன் எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

புரோபயாட்டிக் கேட்டிருந்தீர்கள். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல இரும்புக்கு அலைபவை. தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் இனம் ஏறக்குறைய இரும்பே இல்லாமல் வாழ வல்லது. ஐவரி கோஸ்ட்டிலும் கென்யாவிலும் குழந்தைகளுக்கு இரும்பு சேர்த்த உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், நல்ல வகைகள் குறைந்து, நோய் தரக்கூடிய குடல் பாக்டீரியாக்கள் பெருகின. உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும் இரும்பு அவற்றுக்குத் தீனி. தேவையில்லாத இரும்பை வாயில் போடாமல் இருப்பதே உங்கள் குடலுக்கு முதல் உதவி என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு மேல், வீட்டில் உறை ஊற்றிய தயிர், இட்லி, வயிறு சரியானதும் பாசிப்பயறு, சாமைச் சோறு, வாழைத்தண்டு, புடலை, அவரை என்று நாருள்ள உணவு. இவை போதும். கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அதில் உள்ள ஃபைட்டேட் என்ற தானியப் பொருளும் கால்சியமும் அந்த இரும்பைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். கேப்சூல் வடிவில் கோடிக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா விற்பதை உங்கள் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள், முக்கியமாக மண்ணீரலை எடுத்தவர்களும் வெள்ளையணு குறைந்தவர்களும்.

பழைய சோறு சாப்பிடலாம். ஒரு ராத்திரி ஊறியதில் இரும்பு இருபது மடங்கு ஆகிவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். புளிப்பதால் இரும்பு புதிதாக உண்டாகாது, கட்டுண்டு கிடந்ததில் கொஞ்சம் விடுபடும், அவ்வளவே. சுத்தமான பாத்திரம், கொதித்து ஆறிய தண்ணீர், மறுநாள் காலையிலேயே தீர்த்துவிடுவது என்று இருந்தால் போதும்.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வயிற்றில் வரும் எல்லாவற்றையும் மாத்திரையின் மேலும் கேஸின் மேலும் போட்டுவிடக் கூடாது. வலது விலாவுக்குக் கீழே, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு பிடித்து இழுக்கும் வலி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அணுக்கள் சிதையும்போது வெளிவரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி படிந்து கல்லாவது தலசீமியாவில் சகஜம், ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, இடது பக்கம் கனமாக இருக்கிறது என்றால் வீங்கிய மண்ணீரல் இரைப்பையை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது காய்ச்சலோடு வரும் வயிற்றுவலி. யெர்சினியா என்ற பாக்டீரியா இரும்பு மிகுந்த உடம்பில் மிக எளிதாகப் பெருகும். இரும்பை எடுக்க, பம்ப் வழியாகத் தோலுக்கடியில் ஏற்றும் டெஃபராக்ஸமின் மருந்தையே அது இரும்பை எடுத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்ளும். காய்ச்சல், வலது அடிவயிற்றில் வலி, வயிற்றுப்போக்கு என்று அப்பெண்டிசைடிஸ் மாதிரியே இருக்கும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி வயிற்றுவலியும் இருந்தால், இரும்பை எடுக்கும் மருந்து எதுவாக இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போன இடத்தில் முதல் வாக்கியமாக "எனக்குத் தலசீமியா, உடம்பில் இரும்பு அதிகம், இந்த மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். இரவு நேர டியூட்டி டாக்டருக்கு இந்தத் தகவல் இருந்தால்தான் இந்தக் கிருமி நினைவுக்கு வரும்.

யெர்சினியா ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும். காய்ச்சாத பாலும் சரியாக வேகாத பன்றிக்கறியும் அது வரும் வழிகள். மூன்று நாள் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துச் சாப்பிடும் பழக்கம் உங்கள் வீட்டில் வேண்டாம். மீதி வைத்ததைக் கொதிக்கக் கொதிக்கச் சூடுபண்ணுங்கள். கடலோர ஊர் என்றால் நண்டு, சிப்பி, மட்டி எதையும் அரைவேக்காட்டில் தொடாதீர்கள். கல்லீரலில் இரும்பு சேர்ந்தவர்களுக்குக் கடல்நீரில் வாழும் சில விப்ரியோ கிருமிகள் உயிருக்கே ஆபத்தாகும்.

மற்றவை சுருக்கமாக. எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் வேண்டும், தலசீமியாவில் எலும்பு சீக்கிரம் தேயும். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் தரும், மோர் ஊற்றிய கூழ் உங்களுக்கு ரொம்பப் பொருத்தம். வைட்டமின் டி-யை ரத்தத்தில் அளந்து பார்த்து மாத்திரை எடுங்கள். சர்க்கரை பார்க்கும்போது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி-யை மட்டும் நம்ப வேண்டாம், உங்கள் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு என்பதால் அந்த எண் தப்பாகக் காட்டும். வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்த பிறகும் பார்க்கும் சோதனையே சரி. மது கல்லீரலை இரும்போடு சேர்ந்து தாக்கும், ஒரு துளியும் வேண்டாம். சீந்தில் கொடி, நாட்டு லேகியம் போன்றவற்றையும் கல்லீரலை நினைத்துத் தள்ளி வையுங்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, அதன் பின் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை முறை போனது, பால் குடித்த நாளா இல்லையா. கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), கல்லீரல் சோதனை, சிறுநீரில் புரதம் மூன்றும் எப்போது பார்த்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள். சுவரொட்டி ஏன் வேண்டாம் என்பதை டாக்டரின் வாயால் அவர் கேட்பது நல்லது. அதுவரை அவர் கையால் மண்சட்டியில் ஒரு மீன்குழம்பு வைத்துத் தரச் சொல்லுங்கள்.